பில்லின் மை காய்வதற்குள்: புதுக் கணினி அடிக்கடி நின்றுபோனால் என்ன செய்வது

அக்கா மகன் கட்டடக்கலை படிக்கிறான். அவனுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து, கடையிலேயே பொருத்தி வாங்கிய கணினி, வீட்டுக்கு வந்த மறுநாளே திரை உறைந்து நின்றது. "மாமா, விண்டோஸைத் திரும்பப் போட்டுவிடவா?" என்று கேட்டான். கடையிலும் தொலைபேசியில் அதையேதான் சொன்னார்களாம். போட்டான், நின்றது. மறுபடி போட்டான்; மறுபடி நின்றது. அவன் என்னை வீட்டுக்கு அழைத்தபோது நான்கு நாள் கழிந்திருந்தது. பழுதான பாகத்தைக் கடையிலேயே மாற்றித் தருவதற்கு பில்லின் பின்பக்கம் அச்சிட்டிருந்த கெடு ஏழு நாள்.

புதுக் கணினி விஷயத்தில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது இந்தக் கணக்கில்தான். கெடுவுக்குள் பழுதைக் காட்டினால் கைக்குக் கை மாற்றம். கெடு தாண்டினால் சர்வீஸ் சென்டர், டோக்கன், வாரக்கணக்கில் காத்திருப்பு. எனவே சோதனைகளை எந்த வரிசையில் செய்வது என்பதைக் கடையின் கெடுவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாற்ற வேண்டி வரக்கூடிய பாகங்களை முதலில் சோதிக்க வேண்டும். விண்டோஸ் எங்கும் ஓடிப்போகாது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

புதியதாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. பழைய கணினியைப் படுத்தும் தூசி, காய்ந்துபோன பேஸ்ட், உப்பிய கெபாசிட்டர், தேய்ந்த டிஸ்க் எதுவும் இங்கே இல்லை. மிஞ்சுவது நான்கு: சரியாகப் பொருந்தாத பாகம், அளவுக்கு மீறி வைத்த வேகம், ஒத்துவராத டிரைவர் (பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அல்லது ஃபர்ம்வேர் (பாகத்துக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்), தொழிற்சாலையிலிருந்தே பழுதாக வந்த பாகம். முதல் மூன்றையும் காசு செலவில்லாமல் வீட்டிலேயே தீர்க்கலாம்.

முதலில் ஒரு நோட்டு

மூடியைத் திறக்கும் முன் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மணி, அப்போது செய்துகொண்டிருந்த வேலை, நின்ற விதம் மூன்றையும் எழுதுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து அதையும் எழுதுங்கள். ஒரே மாலையில் டிரைவரையும் மாற்றி, ராமையும் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) கழற்றி மாட்டி, பயாஸையும் (கணினியைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்தால், கணினி சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்பவும் நின்றால் பழைய இடத்திலிருந்தே தொடங்க வேண்டியதுதான்.

நின்ற விதம் நிறையச் சொல்லும். பிளக்கைப் பிடுங்கியது போலப் பட்டென்று அணைந்தால் மின்சாரம், எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) அல்லது சூடு. திரை அப்படியே உறைந்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டின் ஒரு துண்டு மட்டும் விடாமல் கரகரத்தால் ராம், பிராசசர், கிராபிக்ஸ் கார்டு மூன்றில் ஒன்றின் மேல் சந்தேகம் வையுங்கள். விண்டோஸ் பிழையில் விழும்போது காட்டும் நீலத்திரை வந்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் அது எண் கொடுத்துவிட்டுப் போகிறது. (2025 நடுப்பகுதிக்குப் பிறகு விண்டோஸ் 11 இந்தத் திரையைக் கறுப்பாக மாற்றியிருக்கிறது, அதைக் கண்டு வேறு நோய் என்று எண்ண வேண்டாம்.) விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்க, ஒரு விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டால் அந்த விளையாட்டையும் கிராபிக்ஸ் டிரைவரையும் முதலில் பாருங்கள். ஆனால் இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. பிராசசர் பகுதியில் சொல்கிறேன்.

நோயே இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிடிஆர்5 ராம் உள்ள கணினியை முதன்முறை இயக்கும்போது மதர்போர்டு அந்த ராமைப் படித்துப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும், விசிறி மட்டும் சுற்றும். சில நிமிடங்கள் இப்படி நீளலாம். பயாஸை மாற்றிய பிறகும் இதே கதைதான். பயந்து பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

கணினி எழுதிவைத்திருப்பதைப் படியுங்கள்

நீலத்திரை கண்ணில் படும் முன்பே கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறதா? விண்டோஸின் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரியில் தானாக ரீஸ்டார்ட் செய்யும் குறியை நீக்கிவிடுங்கள். இனி எண் திரையிலேயே நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறிகளோடு ஒரு வரைபடம் திறக்கும். எந்த நாளில் எது நின்றது, அன்று எந்த டிரைவர் நிறுவப்பட்டது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். இவ்வளவு உபயோகமான ஒன்றை மைக்ரோசாஃப்ட் ஏன் இப்படி ஒளித்து வைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

விண்டோஸ் தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்தால் 'கெர்னல்-பவர் 41' என்ற சிவப்பு வரி நிச்சயம் இருக்கும். பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். போனமுறை முறைப்படி அணைக்காமல் நின்றுபோனது என்ற செய்திக்கு மேல் அந்த வரியில் ஒன்றும் இல்லை. அது விளைவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. அதற்குள்ளே பக்செக் கோடு என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால், விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்க அவகாசமே கிடைக்கவில்லை என்று பொருள்: மின்சாரம் அறுந்தது அல்லது முழுவதுமாக உறைந்தது. 'வீயா-லாகர் 18' என்ற பதிவு பக்கத்தில் இருந்தால் விஷயம் வன்பொருளில் என்று வைத்துக்கொள்ளலாம். பிராசசரே தன் பிழையை அறிவித்திருக்கிறது.

நீலத்திரை எண்களில் முன்னால் வரும் பூஜ்யங்களை விட்டுவிட்டு மீதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 124 என்றால் வன்பொருள். 1ஏ அல்லது 50 என்றால் முதல் சந்தேகம் ராம். 116 என்றால் கிராபிக்ஸ். 7ஏ என்றால் எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமித்துவைக்கும் பாகம்) அல்லது அதற்குப் போகும் வழி. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண், வேறு வேறு கோப்பின் பெயர் என்று வந்தால் அந்தப் பெயர்களைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். எல்லோரும் புழங்கும் பொது இடம் ராம்; அது கெட்டிருந்தால் பழி அந்த நேரத்தில் அங்கே நின்றவன் தலையில் விழும். அக்கா மகனின் நோட்டில் ஐந்து முறைக்கு நான்கு விதமான எண்கள் இருந்தன.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

நம் வீடுகளில் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யூபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, எர்த் உள்ள சுவர் பிளக்கில் நேரடியாக ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கிறதா? அப்படியானால் எர்த் வரவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிச் சுற்று சிறிதளவு மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்புமாறு அமைந்தது. போக வழியில்லாதபோது அது உடலோடு பேசுகிறது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்த பிறகு மற்றதைப் பாருங்கள்.

மலிவு யூபிஎஸ்கள் மின்தடையின்போது உண்மையான சைன் அலைக்குப் பதிலாக மொட்டையாக வெட்டிய அலையைத் தரும். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள் அதை ஏற்காமல் அந்த நொடியே அணைந்துவிடும். திறனையும் பாருங்கள்: 600 விஏ என்று எழுதிய சாதாரண யூபிஎஸ் தருவது சுமார் 360 வாட்தான். பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி விளையாட்டின் நடுவில் அதைத் தாண்டிவிடும். கரண்ட் போன கணத்திலோ, ஏசியின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் கணத்திலோ மட்டும் கணினி நின்றால் குற்றவாளி பெட்டிக்கு வெளியே இருக்கிறான்.

மூடியைத் திறப்பது

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போங்கள். திருப்புளியைத் தொட்டால் வாரண்டி தகராறு வரலாம். பெரும்பாலான மடிக்கணினிகளில் நிறுவனமே சோதனைக் கருவி வைத்திருக்கிறது. டெல்லில் தொடங்கும்போது எஃப்12, எச்பியில் எஃப்2. அது பிழை எண் கொடுத்தால் படம் எடுத்து அனுப்புங்கள், பாதி வேலை முடிந்தது.

மேசைக் கணினியென்றால் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கேபினெட் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

மதர்போர்டுக்கு வரும் 24 முனை கேபிளையும், பிராசசருக்கு மேல்மூலையில் வரும் 8 முனை கேபிளையும் கழற்றி, கிளிக் என்று கேட்கும்வரை மறுபடி அழுத்துங்கள். ராம் இரண்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்களில் இருக்க வேண்டும். பெரும்பாலான நான்கு ஸ்லாட் போர்டுகளில் இதுதான் முறை, போர்டின் கையேட்டிலும் படம் இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு 8 முனை இணைப்பு வேண்டுமென்றால், ஒரே கேபிளின் இரட்டை வாலைச் செருகாமல் தனித்தனியாக இரண்டு கேபிள் கொடுங்கள். ஓர் இணைப்புக்கு வகுத்த அளவு 150 வாட். புது வகை 16 முனை இணைப்பென்றால் இடைவெளி கொஞ்சமும் தெரியாமல் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வெளிவந்த சில வாரங்களிலேயே அந்த இணைப்பு உருகிய படங்கள் பரவின. அரைகுறையாகச் செருகியது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

பிராசசரின் மேல் உட்கார்ந்திருக்கும் கூலரை எடுத்துப் பார்க்கும் துணிச்சல் இருந்தால், அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், உரிக்காமல் மாட்டிய கணினிகள் உண்டு. ஆனால் ஒருமுறை எடுத்தால், சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவித்தான் மாட்ட வேண்டும்.

யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று ரீசெட் பட்டன். புதுக் கேபினெட்டில் அது உள்ளே சிக்கிக்கொண்டால் கணினி தன்னால் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். மதர்போர்டில் அந்தச் சின்ன இரட்டைக் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். அந்த பட்டன் இல்லாமலே காலம் தள்ளலாம்.

ராம்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

ராம் பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும். அந்த வேகத்துக்கு அது தானாகப் போகாது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பைப் போட்டால்தான் போகும். கடையில் பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் அதைப் போட்டே தருகிறார்கள். ஆனால் அது மிகை வேகம். ரைசன் 7000 பிராசசருக்கு ஏஎம்டி வகுத்த ராம் வேகம் 5200. நான்கு ராம் போட்டால் 3600. இதற்கு மேலே போவதெல்லாம் பிராசசர், போர்டு, ராம் மூன்றும் ஒத்துழைத்தால் கிடைக்கும் போனஸ்.

எனவே பயாஸில் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் என்று இருப்பதை ஏற்றி, எக்ஸ்எம்பி, எக்ஸ்போ எதுவும் இல்லாமல் சேமித்து, வழக்கமான வேலையைக் கொடுங்கள். நிற்பது நின்றுவிட்டதா? அப்படியானால் பழுது அந்த வேகத்தில்தான். பயாஸைப் புதுப்பித்து மறுபடி முயலலாம், 5600 என்று ஒரு படி இறக்கியும் வைக்கலாம். பெட்டியில் அச்சிட்ட வேகம் வரவில்லை என்று கடையில் கேட்பதும் நியாயமே.

டிஃபால்ட்டிலும் நின்றால் மெம்டெஸ்ட்86 என்ற இலவசக் கருவியைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் நான்கு சுற்று ஓட்டுங்கள். விண்டோஸ் இதில் தலையிடாது என்பதுதான் இதன் பலம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ராமில் கொஞ்சம் பிழை, சமாளித்துக்கொள்ளலாம் என்று எதுவும் கிடையாது. பிழை வந்தால் ஒரு ராமை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் சோதியுங்கள், பிறகு மாற்றிப் போடுங்கள். பிழை ராமோடு நகர்ந்தால் ராம் பழுது. எந்த ராமைப் போட்டாலும் அதே ஸ்லாட்டில் பிழை வந்தால் போர்டு, அல்லது பிராசசருக்குள் இருக்கும் ராம் கட்டுப்பாட்டுப் பகுதி.

அக்கா மகனின் கணினியில் இரவு பதினொன்றுக்கு ஓடவிட்டோம். இருபது நிமிடத்தில் திரையில் சிவப்பு வரிகள் கொட்டின. எக்ஸ்போவை எடுத்த பிறகும் கொட்டின. இரண்டில் ஒரு ராம், எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரே முகவரியின் பக்கத்தில் பிழை காட்டியது. விடியும் முன் கைப்பேசியில் ஆறு படங்கள் இருந்தன.

பிராசசரும் பயாஸும்

போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்டின் சரியான பெயரைத் தேடி, பயாஸ் பதிப்பு பழையதா என்று பாருங்கள். புதுக் கணினி என்பதால் பயாஸும் புதிது என்று அர்த்தமில்லை. அந்தப் போர்டு கிடங்கில் ஒரு வருடம் தூங்கியிருக்கலாம். புதுப்பிக்கும்போது மின்சாரம் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை மேசைப் பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு இது விருப்பம் சார்ந்தது இல்லை, கட்டாயம். மைக்ரோகோடில் (பிராசசருக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) இருந்த தவறால் இந்தப் பிராசசர்கள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கி, நாளடைவில் தம்மையே கெடுத்துக்கொள்கின்றன என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் திருத்தங்கள் பயாஸ் வழியாக வந்தன. ஏற்கெனவே கெட்டதைத் திருத்தம் குணப்படுத்தாது. அதனால் பெட்டியோடு விற்ற பிராசசர்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டி ஐந்தாக்கினார்கள். முன்பு சொன்ன விதிவிலக்கு இங்கேதான். இந்தப் பிராசசர் கெட்டால், விளையாட்டு தொடங்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்ற செய்தி வரும். பழி கிராபிக்ஸ் கார்டுக்கு, பழுது பிராசசருக்கு. நல்ல கார்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ.

சூடு பார்ப்பது எளிது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவசக் கருவியைத் திறந்துவைத்து, பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் என்ற கருவியைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ரைசன் 7000 வரிசையில் வேகமான ரகங்கள் 95 டிகிரிவரை போய் அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அதைக் கண்டு பதற வேண்டாம். சும்மா இருக்கும்போதே 80 காட்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை.

கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி

கார்டைச் சோதிக்கச் சிறந்த வழி அதைக் கழற்றிவிடுவது. பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் (இன்டெல் பெயரின் முடிவில் எஃப் இருந்தால் இருக்காது) மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகி ஒரு நாள் ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் கார்டு, அதன் டிரைவர், அதற்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மூன்றில் ஒன்று. டிடியூ என்ற கருவியால் டிரைவரைத் துடைத்துப் புதிதாக நிறுவுங்கள். அதன் பின்னும் சுமை ஏறும் கணத்தில் பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ். 80 பிளஸ் கோல்டு முத்திரையை நம்பி ஏமாற வேண்டாம். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று, திடீர்ச் சுமையைத் தாங்குமா என்பதற்கானது இல்லை. நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கிப் பார்ப்பதைவிட உறுதியான சோதனை வீட்டில் கிடையாது.

எஸ்எஸ்டியில் ஃபர்ம்வேரை மட்டும் மறக்காதீர்கள். 2024 அக்டோபரில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770, எஸ்என்580 வகை 2 டிபி எஸ்எஸ்டிகளில் நீலத்திரை வரிசையாக வந்தது. சொந்தமாக ராம் இல்லாத இவ்வகை எஸ்எஸ்டிகள் கணினியின் ராமில் கொஞ்சம் இரவல் வாங்கும். புதிய விண்டோஸ் முன்பைவிட அதிகம் கொடுத்ததில் அவை தடுமாறின. ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் தீர்ந்தது.

கடைசியில் மென்பொருள்

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால், உபுண்டு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து மூன்று நான்கு மணி நேரம் ஓட்டுங்கள். அங்கேயும் நின்றால் விண்டோஸுக்கு விடுதலை. அந்தப் படத்தைக் கடையில் காட்டினால் 'விண்டோஸைத் திரும்பப் போடுங்கள்' என்ற பேச்சு எழாது. அங்கே நிற்கவில்லையென்றால், கணினியின் அடியாழத்தில் ஓடும் மென்பொருள்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள்: கூடுதல் ஆன்டிவைரஸ், விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு, வண்ண விளக்குகளை ஆட்டுவிக்கும் செயலி. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தது கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான புதுப்பிப்பால்தான். இதிலும் பலனில்லை என்றால் இப்போது விண்டோஸைத் திரும்பப் போடலாம்.

கடையில்

பில், பெட்டி, வாரண்டி சீட்டு, நோட்டு, படங்கள் எல்லாவற்றோடும் நேரில் போங்கள். 'ஹேங் ஆகிறது' என்று மட்டும் சொன்னால் கணினியை வாங்கிவைத்து, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, இங்கே நன்றாகத்தானே ஓடுகிறது என்பார்கள். 'இந்த ராம், எக்ஸ்போ இல்லாமல், இரண்டு ஸ்லாட்டிலும் பிழை காட்டுகிறது' என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும். பழுதான பாகத்தை ஒப்படைத்தால் தேதியோடு சீட்டு வாங்குங்கள். காரணமின்றி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம்.

ஏழாம் நாள் மாலை கடைக்குப் போனோம். முகம் சுளித்தார்கள், படங்களைப் பார்த்தார்கள், உள்ளே போய்த் தங்கள் போர்டில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள், புது ஜோடி ஒன்றை எடுத்து வந்தார்கள். அதையும் அன்றிரவே மெம்டெஸ்ட்டில் போட்டோம். காலையில் நான்கு சுற்றும் முடிந்து, பிழை பூஜ்யம் என்று திரை நின்றிருந்தது. கெட்ட ராமோடு நிறுவிய விண்டோஸில் எந்தக் கோப்பு எப்படி எழுதப்பட்டதோ, யாருக்குத் தெரியும்? அக்கா மகன் பென் டிரைவைச் செருகி, மூன்றாம் முறையாக விண்டோஸைப் போட உட்கார்ந்தான்.